கையைப் பின்னால் கட்டியவர்

எங்கள் கண் வாட்டில் அந்த டொக்டருக்குக் ‘கைதி’ என்று பெயர். வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், அந்தச் சிற்றூழியர் இன்னும் சேவையில் இருக்கிறார். கண்ணில் அடிபட்டு யார் வந்தாலும் டொக்டர் முதலில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிறகு கழுத்தை மட்டும் நீட்டி நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். விலங்கோடு கொண்டுவரப்பட்ட ஒருவர் நீதவானைப் பார்ப்பது போல இருக்கும்.

திருகோணமலையில் அந்த வாட்டின் பொறுப்புத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கண் வைத்திய நிபுணர்கள் பலர் என் கண் முன்னால் வந்தார்கள், இடமாற்றம் வாங்கினார்கள், போனார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கை நீளம். நோயாளி கதிரையில் சரியாக உட்காருமுன்பே இமையைப் பிரித்துவிடுவார்கள். இவர் மட்டும்தான் தன் கையைத் தானே கைது செய்து வைத்திருந்தார். மாலையில் டச்சுபே கடற்கரையில் நடக்கப் போனாலும் அப்படித்தான். கடலுக்கும் எங்காவது காயம் பட்டிருக்கிறதோ என்று பார்ப்பவர் போல நிற்பார்.

துறைமுகம் உள்ள ஊரில் கண்ணுக்கு ஆபத்து குறைவில்லை. தூண்டில் முள், வெல்டிங் பொறி, வள்ளத்தின் துருவைத் தட்டும்போது பறக்கும் செதில், வலையில் கோத்த ஈயக்குண்டு, எல்லாம் கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். வருகிற விதமும் ஒன்றுதான். அடிபட்டவர் உள்ளங்கையால் கண்ணை அமத்திப் பிடித்திருப்பார். அதன் மேல் மனைவியின் கை. அதன் மேல் ஒரு துவாய். துவாயின் மேல் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட இறுக்கமான முடிச்சு. இதற்குப் பெயர் முதலுதவி.

ஒருமுறை மீன் முதலாளி ஒருவர் தன் மருமகனைக் கொண்டுவந்தார். ஈயக்குண்டு அடித்து வெள்ளைவிழி கிழிந்திருந்தது. முதலாளியின் கை மருமகனின் முகத்தை விட்டு எடுபடவே இல்லை. டொக்டர் வந்தார், கையைக் கட்டினார், பார்த்தார்.

“என்ன டொக்டர், பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறியள்? ரத்தம் ஓடுறது தெரியேல்லையோ?”

“தெரியுது. அதாலதான் கட்டியிருக்கிறன்.”

“என்னத்தை?”

“கையை. நீங்களும் எடுங்கோ. கோது வெடிச்ச முட்டையை ஆரும் அமத்திப் பாப்பினமோ?”

“நான் முட்டை விக்கிறவன் இல்லை. மீன் விக்கிறவன்.”

“அப்ப மீனெண்டு வையுங்கோ. வயிறு கிழிஞ்ச சூடை மீன். அமத்தினா என்ன வரும்?”

முதலாளி கொஞ்சம் யோசித்தார். “குடல்” என்றார் மெல்ல. பிறகு அந்தக் கையை, ஏதோ சூடான சட்டியிலிருந்து எடுப்பவர் போல, மருமகனின் முகத்திலிருந்து எடுத்தார்.

டொக்டருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் கேள்வி. என்ன சாமான் பட்டது, எங்கிருந்து வந்தது, அந்த நேரம் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள். பிறகு எழுத்துப் பலகை. ரத்தம் வழிந்தாலும் ஆள் கத்தினாலும் இரண்டு கண்ணையும் தனித்தனியாக வாசிக்கச் செய்யவேண்டும், அடிபடாத கண்ணையும் சேர்த்து. அதன்பிறகுதான் வெளிச்சம். கண்மணி வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுபட்டுக் கண்ணீர்த்துளி வடிவில் இருக்கிறதா என்று பார்ப்பார். இழுபட்டிருந்தால் கண் எங்கோ வெடித்திருக்கிறது. அதோடு எல்லாம் நிற்கும். களிம்பு இல்லை, பஞ்சு இல்லை, கட்டு இல்லை. கண்ணைத் தொடாமல் மேலே ஒரு மூடி, காயத்துக்குப் போடும் ஏற்பு ஊசி, வாய்க்கு ஒன்றுமில்லை, பிறகு ஒப்பரேஷன் தியேட்டர். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதைச் செய்கிற ஒரு டொக்டரைப் பார்ப்பதுதான் எனக்குப் புதிது.

அந்த மூடிக்கும் ஒரு கதை உண்டு. தகர மூடிகளுக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். களஞ்சியம் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்தது. அதற்குமேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. டொக்டர் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்க் கடுதாசிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு வந்தார். அடிப்பாகத்தை வெட்டி, நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் பொருந்தும்படி வைத்து, பிளாஸ்டர் ஒட்டினார். கண்ணில் ஒரு தூசு அளவும் படவில்லை. சிற்றுண்டிச்சாலைக்காரர் என்னிடம் முறைப்பாட்டுக்கு வந்தார்.

“மிஸ்ஸி, உங்கட டொக்டர் கோப்பை மட்டும் எடுக்கிறார். தேத்தண்ணி எடுக்கிறாரில்லை.”

“தேத்தண்ணியைக் கண்ணுக்குக் கட்ட ஏலாது, தம்பி” என்றேன். உங்கள் தேத்தண்ணியை வாய்க்கும் பரிந்துரைக்க ஏலாது என்பதைச் சொல்லவில்லை.

அந்தக் கை அவிழ்ந்து பறந்ததை நான் ஒரே ஒருமுறை கண்டேன். கிளினிக் நாள். வரிசையில் இருந்த ஓர் அம்மா வெற்றிலை போடுவதற்காகச் சுண்ணாம்புப் பைக்கற்றைப் பிதுக்கினார். இறுகிப்போயிருந்த பைக்கற் பின்பக்கமாக வெடித்து, சுண்ணாம்பு முழுதும் அவருடைய கண்ணுக்குள் போயிற்று. அவர் அலற, பதிவு மேசையில் இருந்தவர் கடமை தவறாமல், “அம்மா, முதல்ல பேரைச் சொல்லுங்கோ” என்றார். டொக்டர் அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தார். ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டது. அம்மாவின் பிடரியில் ஒரு கை, தாடையில் ஒரு கை. தரதரவென்று இழுத்துப்போய் வெளிப் பைப்புக்குக் கீழே தலையைப் பிடித்து, இமையைப் பிரித்துத் தண்ணீரை விட்டார். பிறகு நான் சேலைன் போத்தல்களைக் கொண்டு ஓடினேன். மேல் இமையைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டிகளைப் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தார். மறுபடியும் தண்ணீர். மறுபடியும் கட்டி. அம்மா நனைந்த சேலையோடு, “அறுவான்! என்னைக் கொல்லுறான்!” என்று ஊருக்குக் கேட்கத் திட்டினார்.

“திட்டுங்கோ அம்மா, திட்டுங்கோ. கண்ணை மட்டும் மூடாதேங்கோ” என்றார் அவர்.

முடிந்ததும், நனைந்த காற்சட்டையோடு பதிவு மேசைக்கு வந்து, “தம்பி, சுண்ணாம்பெண்டா பேர் கேக்கக்கூடாது. பைப்பைத் திறக்கவேணும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார். அந்த அம்மா பிறகு கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் அவருக்கு வாழைப்பழம் கொண்டுவருவார். கண் தெளிவாகத்தான் இருந்தது. திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாது. “சரியாகும்” என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. தாய் அழுதாலும் மனைவி காலில் விழுந்தாலும் ஒரே பதில்தான்: “பாப்பம்.” யாழ்ப்பாணத்தார் அந்தச் சொல்லைக் கலியாணத்துக்கும் சொல்வார்கள், கடனுக்கும் சொல்வார்கள். இவர் கண்ணுக்குச் சொன்னார். நோயாளிகளின் வீட்டார் என்னிடம் வந்து, “மிஸ்ஸி, பாப்பம் எண்டா பாக்குமெண்டோ, பாக்காதெண்டோ?” என்று கேட்பார்கள். மொழிபெயர்ப்பு என் கடமைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் செய்தேன்.

இரண்டு வருடங்களில் அவருக்கும் இடமாற்றம் வந்தது. பிரியாவிடையில் எங்கள் பணிப்பாளர் நீண்ட உரையாற்றினார். அவருடைய பெயரை ஒருமுறை பிழையாகவும் சொன்னார். அதையும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கேட்டார். பிறகு எங்கே போனார், இப்போது எங்கே இருக்கிறார் என்பதை நான் தேடவில்லை. அவரைப் பற்றிக் கதை வந்தால் எனக்கு நினைவுக்கு வருவது மூதூர் எஞ்சின்காரரின் கண்தான்.

நோன்பு மாதம். பின்னேரம் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் மூதூரில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். அவருடைய வலது கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் அவருடைய மனைவி, கையில் ஒரு பிளாஸ்க். பின்னால் நரைத்த தாடியோடு ஒரு பெரியவர். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை ‘நானா’ என்றார்கள். அந்தத் திருத்துமிடத்தின் பொறுப்பாளர் அவர். அதைவிட முக்கியமாக, அந்தப் பக்கத்தில் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் எடுக்கிறவரும் அவரே. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தம் அவரிடம் இருந்தது. இமையைப் பிரித்துக் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் தூள் வந்து ஒட்டிவிடும். ஆஸ்பத்திரி, வரிசை, பஸ் எதுவும் வேண்டாம். அங்கே இது பலகாலப் பழக்கம்.

டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “என்ன வேலை செய்துகொண்டிருந்தனீங்கள்?”

“ஒரு ஆணி துருப்புடிச்சி இறுகிப் போச்சி டொக்டர். உளி வெச்சி அடிச்சேன். என்னமோ தெறிச்சி.”

“சுத்தியலாலயோ?”

“ஓம். பெரிய நோவு ஒண்டும் இல்ல. சூடா ஒரு சொட்டுத் தண்ணி வந்திச்சி. பொறகு ஒண்டுமில்ல.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சூடாக வந்த அந்தச் சொட்டு கண்ணீர் அல்ல. கண்ணுக்குள்ளே இருக்கிற தண்ணீர். உளியிலிருந்து பறக்கும் இரும்புத்துண்டு துப்பாக்கி ரவை போல வரும். கண்ணைத் துளைத்து உள்ளே போகும், துளை தானாக மூடிக்கொள்ளும். ஆள் வேலையைத் தொடர்வார். இரும்பு உள்ளே இருந்துகொண்டு மெல்லமெல்லக் கண்ணைச் சாகடிக்கும்.

“நான் காந்தம் புடிச்சிப் பாத்தேன் டொக்டர்,” என்றார் நானா. “வரல்ல. அப்ப தானா உழுந்திரிச்சி எண்டு நெனச்சம். லுஹர் தொழுகைக்கு ஒழுவெடுத்து முகத்தத் தொடைச்சா, எல்லாம் பொகை மாதிரித் தெரியுதெண்டான். இந்தா, இதான் காந்தம்.” சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நோயாளியின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், எப்படிப் பிடித்தேன் என்று செய்துகாட்ட.

“அதோட வெளியில போங்கோ!”

டொக்டர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். நானா சுவர்வரை பின்வாங்கி, காந்தத்தைச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

எழுத்துப் பலகை. வலது கண்ணுக்குப் பெரிய எழுத்துகள்கூட மங்கல். அது எதிர்பார்த்ததுதான். பிறகு, ஒழுங்குப்படி, இடது கண். எஞ்சின்காரர் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கண்ணால் வாசிக்கத் தயாரானார். மேல் எழுத்து ஒன்றைச் சொன்னார். அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

“பலகை சரியில்ல போல” என்றார்.

பலகை சரியாகத்தான் இருந்தது. அவருடைய இடது கண் சிறு வயதிலிருந்தே பார்க்கப் பழகாத கண். ஒரு கண்ணால்தான் இத்தனை காலமும் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். அது அவருக்கே அன்றுதான் தெரியவந்தது.

எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கருவிழியில் மயிரளவு கீறல். அதற்குக் கீழே, கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையின் ஓரத்தில், மணல் அளவில் ஒரு மினுக்கம். நல்லவேளை, பின்னுக்குப் போகவில்லை. இங்கேயே எடுக்கலாம், ஆனால் உடனே எடுக்கவேண்டும்.

மனைவி கேட்டாள், “மத்தக் கண் இரிக்கிதானே டொக்டர்?”

“இல்லை தங்கச்சி. அந்தக் கண் பேருக்குத்தான். இவருக்கு இருக்கிறது இந்தக் கண்தான்.”

அவள் பிளாஸ்க்கை மேசையில் வைத்தாள். பிறகு, “எடுத்தாப் பார்வை வருமா?” என்றாள்.

“பாப்பம்.”

“என்ன பாப்பம்? நான் ஒங்கட கைய நம்பித்தான் வந்து நிக்கிறன். அதப் பின்னுக்கு ஒளிச்சி வெச்சிக்கிட்டு பாப்பம் எண்டுறீங்க!”

டொக்டர் மணிக்கட்டை விட்டார். இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து, உள்ளங்கையை விரித்து அவளுக்குக் காட்டினார். “இந்தா இருக்கு. இண்டைக்கு ரெண்டும் உங்கட மனுசனுக்குத்தான்.”

அவள் அந்தக் கைகளை, சந்தையில் மீனின் செவுளைப் பார்ப்பது போல, நன்றாகப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

மயக்க மருந்து கொடுக்கும் பெண் டொக்டர் வந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். “சஹருக்கு” என்றார் எஞ்சின்காரர். விடியுமுன் சாப்பிட்டது, அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் இல்லை. அந்த அம்மையாரின் முகம் மலர்ந்ததைச் சொல்லவேண்டும். வெறும் வயிறு என்று சத்தியம் செய்தவர்களின் வயிற்றிலிருந்து இடியப்பமும் சொதியும் வருவதைக் கண்டவர்கள் நாங்கள்.

ஆனால் ஊசியைக் கொண்டுபோனதும் எஞ்சின்காரர் கையை இழுத்துக்கொண்டார். “நோன்பு முறிஞ்சிரும் மிஸ்ஸி. பொழுது பட்டு, மஹ்ரிபுக்குப் பொறகு போடுங்க.” கண்ணுக்குள் கிருமி பரவாமல் தடுக்கும் மருந்து அது. ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி. நான் சொன்னேன், கேட்கவில்லை. டொக்டர் வாதாடவில்லை. வெளியே போய், படிக்கட்டில் தனியே குந்தியிருந்த நானாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“நீங்கள் சொன்னாக் கேப்பார்” என்றார்.

நானா கட்டிலுக்குக் கிட்ட வந்தார். “டேய், நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திரிக்கான். நோன்ப பொறகு ஒரு நாளைக்குப் புடிச்சி கழாச் செய்யலாம். கண்ணக் கழாச் செய்யேலுமா? கையக் குடு.”

எஞ்சின்காரர் கையைக் கொடுத்தார். ஊசி ஏறியது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

மனைவி பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தாள். “அப்ப நோன்பு உட்டாச்சிதானே. இந்தக் கஞ்சியக் கொஞ்சம் குடிக்கட்டும். காலையில இருந்து வெறும் வயிறு.”

“ஐயோ!” என்றோம், இரண்டு டொக்டர்மாரும் நானும் ஒன்றாக.

ஒரு நிமிடத்துக்கு முன்புவரை நோன்பை விடு என்று கெஞ்சியவர்கள், இப்போது நோன்பைப் பிடி என்று கெஞ்சினோம். அவள் எங்களை மாறிமாறிப் பார்த்தாள். “ஒங்களுக்கு என்னதான் வேணும்?”

“நரம்புக்கு மட்டும்தான் நோன்பு திறந்தது, தங்கச்சி,” என்றார் டொக்டர். “வயிறு இன்னும் கொஞ்சநேரம் பிடிக்கட்டும். இப்ப குடிச்சா மயக்கம் குடுக்கேலாது.”

தியேட்டர் ஆயத்தமாகும்போது பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. மயக்க மருந்து டொக்டர் மருந்துக் கிண்ணத்தில் ஒரு மிடறு தண்ணீரை ஊற்றி அவரே நீட்டினார். எஞ்சின்காரர் “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி அதைக் குடித்தார். கஞ்சியை அவள் எங்களுக்கு ஊற்றினாள். அன்று எங்கள் வாட்டில் நோன்பு பிடிக்காத அத்தனை பேரும் நோன்பு திறந்தோம்.

தியேட்டரில் நான் பக்கத்தில் நின்றேன். டொக்டர் கீறலின் ஓரமாகச் சிறிய வாசல் ஒன்றைத் திறந்து, கையை நீட்டினார். நான் வைத்தது பென்சில் முனை போன்ற ஒரு கருவி. அதுவும் காந்தம்தான். முனையை உள்ளே விட்டதும் அந்த மினுக்கம் ஒருமுறை அசைந்தது, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வாசலைத் தைத்து மூடினார்.

வெளியே வந்து, துணித்துண்டில் இருந்த இரும்பை நானாவுக்குக் காட்டினார். “உங்கட யோசினை பிழையில்லை. வாசல்தான் பிழை. நீங்கள் இழுத்திருந்தா, வாற வழியில மிச்சத்தையும் கிழிச்சுக்கொண்டு வந்திருக்கும்.”

நானா அந்தத் துகளை நெடுநேரம் பார்த்தார். “அப்ப என்ட காந்தம்?”

“ஸ்பீக்கருக்குத் திருப்பிக் குடுங்கோ. பாட்டுக் கேக்கலாம்.”

இரும்பு வந்துவிட்டது. பார்வை வருமா என்பது அந்த இரவு யாருக்கும் தெரியாது. கிருமி சேர்ந்தால் காலையில் கண்ணுக்குள் சீழ் நிற்கும். மனைவி இன்னொருமுறை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

காலையில் டொக்டர் வழமையைவிட நேரத்தோடு வந்தார். அவர் கண் மூடியைக் கழற்றினார், நான் வெளிச்சத்தைப் பிடித்தேன். சீழ் இல்லை. கருவிழியில் தையல் இடத்தில் மட்டும் மெல்லிய மங்கல். இடது கண்ணை நான் என் உள்ளங்கையால் மறைத்தேன். எழுத்துப் பலகையை யாரும் கேட்கவில்லை.

“என்ன தெரியுது?” என்றார் டொக்டர்.

எஞ்சின்காரர் வெளிச்சத்துக்கு முகத்தைத் தூக்கினார். கண்ணீர் வழிந்தது. கண்ணைச் சிமிட்டினார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எஞ்சின்காரர் நேராக என் முகத்தைப் பார்த்தார், பிறகு அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்தார்.

“மிஸ்ஸிட தொப்பி சரிஞ்சி கெடக்கு” என்றார்.

என் சேவைக்காலம் முழுவதிலும் அப்படி ஒன்றை என்னிடம் யாரும் சொன்னதில்லை, சொல்லத் துணிந்ததுமில்லை. மனைவி முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். டொக்டர் திரும்பி, என் தலையை உரிய கவனத்தோடு பரிசோதித்தார்.

“ஓம், சரிஞ்சுதான் கிடக்கு,” என்றார். “கார்ட்டில பார்வை எண்ட இடத்தில எழுதுங்கோ மிஸ்ஸி.”

எழுதினேன்.